இறப்பைச் சொல்லும் சொற்கள்

சித்தூர் மாவட்டம் பாலசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்கு 1978இல் ஒரு தந்தி வந்தது. பாட்டியின் தம்பி ‘எக்ஸ்பயர்டு’ என்று கண்டிருந்தது. எட்டாம் வகுப்புப் படித்த எனக்கு அந்தச் சொல் மருந்துப் பாட்டிலில்தான் பழக்கம். “காலாவதி ஆயிட்டாராம் பாட்டி” என்றேன். “அவன் என்ன மருந்தாடா?” என்று கேட்டுவிட்டுத்தான் பாட்டி அழ ஆரம்பித்தாள்.

பின்னாளில் அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் அது மூச்சை வெளியே விடுதல். மூச்சு முடிவதைச் சொன்ன சொல், கெடு முடிவதற்கும் ஆகிவந்திருக்கிறது. ‘டிசீஸ்டு’ என்பதும் லத்தீன் வழி வந்ததே; விலகிப் போதல் என்று பொருள். (நோயைக் குறிக்கும் ‘டிசீஸ்’ வேறு, எழுத்தும் வேறு.) நம் வீட்டில் “போயிட்டார்” என்கிறோமே, அதேதான். தெலுங்கின் ‘சனிபோயாரு’வும் அப்படியே, ‘சனு’ என்றாலும் போதல். நம் ‘இறத்தல்’ என்பதற்கும் கடந்து செல்லுதல் என்பதே பழைய பொருள். இலக்கணத்தில் ‘இறந்த காலம்’ என்று படித்தோமல்லவா!

‘டெமைஸ்’ மட்டும் வேறு ரகம். அது வக்கீல் வீட்டுச் சொல். சொத்தை இன்னொருவர் கைக்கு மாற்றுவதைச் சட்டத்தில் அப்படிச் சொன்னார்கள். அரசர் மறைந்தால் முடியும் கைமாறும். அவ்வழியே சாவுக்கும் பெயராயிற்று. இரங்கல் செய்தியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பத்திர ஆபீஸ் ஞாபகம்தான் வருகிறது.

நம் கல்வெட்டுக்காரர்கள் துஞ்சுதல் என்றார்கள், அதாவது உறங்குதல். 907இல் மறைந்த முதலாம் ஆதித்த சோழன் ‘தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்’. அவ்வூர் காளத்தியை அடுத்த தொண்டைமனாடு, இன்று திருப்பதி மாவட்டம். மகன் பராந்தகன் அங்கே பள்ளிப்படைக் கோயில் எழுப்பினான். ஆற்றூரில் துஞ்சிய அரிஞ்சயனுக்குப் பேரன் ராஜராஜன் எடுத்த பள்ளிப்படை, எங்கள் சித்தூர் எல்லைக்குப் பக்கத்தில் மேல்பாடியில் இருக்கிறது. 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்ட இளவரசன் ராஜாதித்தனும் ‘யானைமேல் துஞ்சின தேவர்’தான்! பள்ளிப்படையில் உள்ள ‘பள்ளி’யும் படுக்கையே. ஆங்கிலத்தின் ‘செமிட்டரி’க்கும் கிரேக்க மூலத்தில் உறங்குமிடம் என்றே பொருள்.

1991இல் பாட்டி போனபோது உறவினருக்குத் தந்தி எழுதியவன் நான். இத்தனையும் அப்போதே தெரியும். ஆனால் தந்தி ஆபீசில் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. ‘பாஸ்டு அவே’ என்றால் இரண்டு சொல். ‘எக்ஸ்பயர்டு’ என்றே எழுதிக் கொடுத்தேன்.