கிரைண்டர் மேல் விழுந்த பழி

மாங்காட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் லைன் வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு அந்த நிபந்தனைகள் மனப்பாடம். கிரைண்டர் போடக் கூடாது. அயர்ன் பாக்ஸ் கூடாது. வெந்நீருக்கு ஹீட்டர் கம்பி வைத்தால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும். ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன், அதோடு சரி. ராத்திரி முழுக்க ஃபேன் ஓடினால் எந்த வீட்டு உரிமையாளரும் கேள்வி கேட்கவில்லை. இட்லி மாவு அரைக்கும் சத்தம் கேட்டால்தான் மாடிப்படியில் காலடி கேட்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் பெரிய அநியாயம் இருக்கிறது. மேடை மேல் வைக்கும் கிரைண்டர் பெரும்பாலும் 150 வாட். நாலு நாளுக்கு ஒரு தடவை அரை மணி நேரம் அரைத்தால், ஈபி கணக்கெடுக்கும் இரண்டு மாதத்தில் பதினைந்து தடவை ஆகிறது. மொத்தச் செலவு ஒரு யூனிட்டும் கொஞ்சமும். தலைக்கு மேலே 75 வாட் மின்விசிறி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுற்றினால், அதே இரண்டு மாதத்தில் 54 யூனிட் தீர்ந்துவிடும். அதாவது ஒரு ஃபேன் ஓடுகிற கரண்டில் ஏறக்குறைய ஐம்பது கிரைண்டர்கள் ஓடும்.

பழி ஏன் கிரைண்டர் மேல் விழுந்தது? சத்தம் ஒரு காரணம். இன்னொரு காரணம் வாசல் சுவரில் தொங்கியது. மின்னணு மீட்டர் வருவதற்கு முன் எல்லா வீட்டிலும் இருந்தது சக்கர மீட்டர். கண்ணாடிக்குப் பின்னால் அலுமினியத் தட்டு ஒன்று சுற்றும், அதன் விளிம்பில் ஒரு அடையாளக் கோடு. அயர்ன் பாக்ஸின் சுவிட்சைப் போட்டதும் தட்டு பேய் பிடித்த மாதிரி சுற்றும். ஃபேனுக்கு நகர்வதே தெரியாது. அந்தத் தட்டு காட்டியது அந்த நொடியின் வேகத்தை. பில்லில் ஏறுவதோ வேகத்தையும் நேரத்தையும் பெருக்கிய தொகை. வேகத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது, நேரத்தை யாரும் உட்கார்ந்து எண்ணவில்லை. 750 வாட் மிக்ஸி ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும் என்பதை மறந்துவிட்டு, அது ஓடும்போது தட்டு சுழன்றதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். ஒரு தலைமுறையின் வீட்டுச் சட்டங்கள் இப்படித்தான் எழுதப்பட்டன.

மாங்காடு, பஞ்சாக்னி நடுவே ஒற்றைக்காலில் தவமிருக்கும் காமாட்சியின் ஊர். அக்கம்பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி, குன்றத்தூர், பூந்தமல்லி. நெடுங்காலம் இது சென்னைக்குப் பக்கத்தில் இருந்தும் சென்னை ஆகாத ஊர். நகரத்தில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது. மாகாணத்தின் நீர்மின் நிலையங்களான பைக்காரா 1932-லும் மேட்டூர் 1937-லும் உற்பத்தியைத் தொடங்கின. மின் வாரியம் 1957 ஜூலை 1 அன்று பிறந்தது. ஆனால் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கம்பி இழுத்ததற்கு வீடுகளைவிட வயல் கிணறுகளே பெரிய காரணம். பம்ப்செட்டுக்காக வந்த கம்பியிலிருந்துதான் பல ஊர்களில் வீட்டுக்கு வெளிச்சம் வந்தது.

அந்த நாளில் வீட்டு மின்சாரம் என்றால் முக்கியமாக விளக்குதான். பழைய மின்சாரக் கம்பெனிகள் இந்திய நகரங்கள் பலவற்றில் விளக்குக்கும் விசிறிக்கும் ஒரு விலை, அடுப்பு, இஸ்திரி போன்றவற்றுக்கு அதைவிடக் குறைந்த விலை என்று வைத்து, தனித்தனி மீட்டரே மாட்டின. இன்றைக்குத் தலைகீழாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இருந்தது. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில், சாயங்காலம் எரிவது விளக்கு. அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்காகவே கம்பெனி இயந்திரங்களை வாங்கிப் போட வேண்டியிருந்தது. பகலில் அவை சும்மா நிற்பதைவிட, மலிவாகவாவது யாராவது இஸ்திரி போட்டால் கம்பெனிக்கு லாபம்.

ஏழைகளுக்கு வந்ததும் விளக்குதான். எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் பரவிய குடிசை மின் இணைப்பு, குடிசைக்கு ஒரு 40 வாட் பல்பு என்ற கணக்கில் இருந்தது. ஒரு குண்டு பல்பு எவ்வளவு தின்னும் என்று பார்க்கலாம். 60 வாட் பல்பு ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட். வீட்டில் நாலு பல்பு இருந்தால் 72. ஒரு பல்பு தந்த அதே வெளிச்சத்தை இப்போது ஒன்பது வாட் எல்.இ.டி. மூன்று யூனிட்டுக்கும் குறைவாகக் கொடுக்கிறது. அந்தக் காலத்து அப்பாக்கள் ஒவ்வொரு அறையாகப் போய் லைட்டை அணைத்தது கஞ்சத்தனம் இல்லை, சரியான பொருளாதாரம். எல்.இ.டி. வந்த பிறகும் அதே பழக்கத்தில் லைட்டை அணைத்துவிட்டு, ஆளில்லாத அறையில் ஏசியை ஓட விடுகிறோமே, அதைத்தான் என்னவென்று சொல்வது.

சாதனங்கள் ஒவ்வொன்றாக வந்த வரிசை சுவாரசியமானது. மின்சார மாவரைக்கும் இயந்திரம் கோயம்புத்தூரின் பிள்ளை, 1955-ல் பி.சபாபதி உருவாக்கியது. சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்க, சென்னைக் கம்பெனிகளான சாலிடேரும் டயனோராவும் நடுத்தர வீடுகளின் கூடத்தில் இடம்பிடித்தன. பின்னர் அரசே சாதனங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது. 2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று, மேற்குப் புறநகருக்கு அதிக தூரமில்லாத திருவள்ளூரை அடுத்த காக்களூரில், ஜெயலலிதா விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். உரலும் அம்மியும் கொல்லைப்புறம் போனதோடு, கிரைண்டர் போடக் கூடாது என்ற வீட்டு உரிமையாளர்களின் சட்டமும் செல்லாக்காசானது. அரசாங்கமே கொடுத்த பொருளை எப்படித் தடுப்பது?

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சாதனங்கள் வீடு வந்து சேர்ந்த சமயம் கரண்டே இல்லை. 2012 பிப்ரவரி இறுதியிலிருந்து சென்னையில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு, மற்ற மாவட்டங்களில் அதைப்போல் பல மடங்கு. பில்லைப் பற்றிக் கவலைப்படவே கரண்டு வர வேண்டியிருந்தது. இன்வெர்ட்டர் பேட்டரிக் கடைகளுக்கு அது பொற்காலம்.

வெட்டு தீர்ந்த பிறகு மாங்காடும் வேகமாக மாறியது. வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் முதல் கட்டம் 2014-ல் திறந்தது. போரூர், மணப்பாக்கம் பக்கம் கணினி வேலைக்குப் போகிறவர்கள் வாடகை கட்டுப்படியாகிற இடம் தேடி மேற்கே நகர்ந்தார்கள். ஏரிக்குப் பக்கத்து ஊராக இருந்தும் வீட்டுக்கு வீடு போர்வெல். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும், தினம் அரை மணி நேரம் ஓடினாலே இரண்டு மாதத்துக்கு முப்பது யூனிட். 2021-ல் மாங்காடு பேரூராட்சி நகராட்சி ஆனது.

இந்த வளர்ச்சியின் அமைதியான சாட்சி ஃபிரிட்ஜ். பெங்களூரு நெடுஞ்சாலையில் இங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 2007 முதல் இயங்கும் சாம்சங் ஆலை. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் டிவியும் அங்கேயே உருவாகின்றன. பழைய ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்கூட எடுக்கும், இரண்டு மாதத்தில் 90. நட்சத்திரக் குறியீடு பெற்ற இன்றைய சிறிய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் சுமார் 30 யூனிட்டில் முடித்துவிடுகிறது. ஃபிரிட்ஜ் சத்தம் போடுவதில்லை, இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது. ஆகவே அதைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை.

இதுவரை யூனிட் கணக்கு. ரூபாய்க்கு வந்தால் கதை வேறு மாதிரி.

தமிழ்நாட்டில் ஒரு யூனிட்டுக்கு ஒரே விலை கிடையாது. 2016 மே 23 முதல் எல்லா வீட்டுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேலே படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் 500 என்ற இடத்தில் ஒரு பெரிய பள்ளம். 2022 செப்டம்பர் 9 வரை இருந்த கட்டணத்தில் இரண்டு மாதத்துக்குச் சரியாக 500 யூனிட் ஓட்டிய வீடு 1,130 ரூபாய் கட்டியது. 501 ஓட்டிய வீட்டுக்கு 1,786 ரூபாய் 60 காசு. 500-ஐத் தாண்டியவர்களுக்குக் கீழ்ப்படிகளின் விலையும் சேர்ந்து கூடிவிடும் என்பதால் வந்த வினை இது. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 காசு. ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸை ஒரு மணி நேரம் போட்டால் ஆகும் செலவு அது. மீட்டர் பக்கத்தில் மாட்டிய வெள்ளை அட்டையில் போன தடவை எழுதிய ரீடிங்கைப் பார்த்து, கணக்கெடுப்பாளர் வருவதற்குள் 500 தாண்டுமா என்று வீட்டு அம்மாக்கள் கழித்தல் கணக்குப் போட்டதில் எந்த மிகையும் இல்லை.

கொரோனா ஊரடங்கு அந்தப் பள்ளத்தை எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தது. 2020 கோடையில் ரீடிங் எடுக்க ஆள் வரவில்லை. முந்தைய தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நாலு மாத யூனிட்டை இரண்டாகப் பிரித்துப் பில் போட்டு, ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கழித்தார்கள். பணத்தைக் கழிப்பது தப்பு, யூனிட்டைத்தான் கழிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. மின் வாரியத்தின் முறையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வீட்டிலேயே அடைந்து கிடந்த மாதங்களில் எத்தனை ஃபேன் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை அந்தப் பில்தான் பலருக்குச் சொன்னது. மாதா மாதம் ரீடிங் எடுப்போம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்ன வாக்குறுதிக்கு அவ்வளவு கைதட்டல் கிடைத்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

2022 செப்டம்பர் 10 அன்று கட்டணம் உயர்ந்தபோது பள்ளம் ஆழம் குறைந்தது, மூடப்படவில்லை. 2024 ஜூலை விலைப்படி 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 501-க்கு 2,048 ரூபாய் 40 காசு.

அந்த 2024 விலையில் மாங்காட்டு ஃபிளாட் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். விளக்கு, மூன்று ஃபேன், ஃபிரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின், கீசர் எல்லாம் சேர்த்து 320 யூனிட், பில் 799 ரூபாய். ஏப்ரலில் ஒரு ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசி வாங்குகிறார்கள். இரவுக்கு எட்டு மணி நேரம், மணிக்குச் சராசரி அரை யூனிட் என்றே வைத்துக்கொண்டாலும் 240 யூனிட் கூடுகிறது. மொத்தம் 560, பில் 2,544 ரூபாய். 500-ல் நிறுத்தியிருந்தால் 1,805-தான். கடைசி 60 யூனிட் மட்டும் 739 ரூபாய், யூனிட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய்க்கும் மேல். ஆயிரம் யூனிட்டைத் தாண்டிய பங்களாக்காரர் தன் மேல்படி யூனிட்டுக்குக் கொடுப்பது 11 ரூபாய் 55 காசுதான்.

இந்த வீட்டில் இரண்டு பழைய ஃபேன்களைக் கழற்றிவிட்டு 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினால் சுமார் 68 யூனிட் மிச்சம். மொத்தம் 492-க்கு இறங்கும், பில் 1,755 ரூபாய்க்கு வந்துவிடும். இரண்டு மாதத்தில் 789 ரூபாய் லாபம். அதே மாதிரி ஒரு ஃபேனை, 90 யூனிட்டுக்குள் குடும்பம் நடத்தும் பக்கத்துத் தெருப் பாட்டி மாற்றினால் அவருக்கு மிச்சமாவது பூஜ்யம். எந்தச் சாதனம் எவ்வளவு செலவு வைக்கும் என்று கடைக்காரரிடம் கேட்பவர்கள் முதலில் தங்கள் வெள்ளை அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும். வாட் பெட்டியில் அச்சாகியிருக்கும். விலை, வீட்டுக்குள் முன்னால் வந்தவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. முதலில் வந்த ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் இலவச யூனிட், கடைசியாக வந்த ஏசிக்கு 8 ரூபாய் 40 காசு.

இந்த வரிசையில் இடமே கிடைக்காதவர்கள் வாடகைக்காரர்கள். ஒரே இணைப்பில் நாலு போர்ஷன், ஆளுக்கொரு சப் மீட்டர், யூனிட்டுக்கு எட்டு அல்லது பத்து ரூபாய் என்று உரிமையாளர் வைத்த விலை. சொந்த இணைப்பு இருந்தால் இலவசமாகியிருக்கும் 90 யூனிட்டுக்கு அவர்கள் 720 அல்லது 900 ரூபாய் கொடுக்கிறார்கள். பழைய லைன் வீட்டில் கிரைண்டருக்குத் தடை போட்டவர் யூனிட்டுக்குப் பயந்தார். இன்றைய உரிமையாளருக்கு அந்தப் பயம் இல்லை, எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். போர்ஷனுக்கு ஒரு இணைப்பாக முறைப்படி வாங்கிக் கொடுத்த உரிமையாளர்களும் உண்டு. 2022 நவம்பரில் மின் இணைப்பு எண்ணோடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது, பல இணைப்பு வைத்திருந்தால் 100 யூனிட் சலுகை போய்விடுமோ என்று அவர்கள்தான் அதிகம் பதறினார்கள். எல்லா இணைப்புக்கும் சலுகை தொடரும் என்று அப்போதைய மின் துறை அமைச்சர் செந்தில்பாலாஜி விளக்கம் கொடுத்தார்.

அடுக்குமாடிகளில் யார் வீட்டுச் சாதனமும் இல்லாத இன்னொரு மீட்டர் படிக்கட்டுக்குக் கீழே ஓடுகிறது. மோட்டார், வாசல் விளக்கு, லிஃப்ட் எல்லாம் அதில். 2022 கட்டண மாற்றம் இந்தப் பொதுப் பயன்பாட்டுக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனிப்பிரிவு வைத்தது, இலவச யூனிட் எதுவும் கிடையாது. கூச்சல் கிளம்பியது. 2023 நவம்பர் முதல், பத்து வீடுகளுக்கு மேற்படாமலும் மூன்று மாடிக்கு மிகாமலும் லிஃப்ட் இல்லாமலும் இருக்கும் குடியிருப்புகளுக்கு அது 5 ரூபாய் 50 காசாகக் குறைந்தது. மூன்றாவது மாடிவரை குடத்தோடும் காய்கறிப் பையோடும் ஏறிப் போகிறவர்களுக்குத் தண்ணீர் மோட்டார் மலிவாகிவிட்டது. மாமியாருக்கு முட்டிவலி என்று பணம் போட்டு லிஃப்ட் வைத்த பக்கத்துக் கட்டடத்தில் அதே மோட்டார், அதே தண்ணீர், சலுகை இல்லாத விலையிலேயே ஏறிக்கொண்டிருக்கிறது.