வரிச்சுருளின் பாதுகாப்பான மின்னழுத்தம்: வெப்பமே அளவுகோல்

பெயர்த்தகடு அழிந்துபோன வரிச்சுருள் ஒன்று கைக்கு வந்தால், "இது எத்தனை வோல்ட் காயில்?" என்பதே முதற்கேள்வி. பட்டறைகளில் இதற்குப் பொதுவாக இரண்டு வழிகளில் விடை தேடுகிறார்கள். மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, உள்ளிருக்கும் இரும்புத்தண்டு இழுபடும் இடத்தைக் குறித்துக்கொள்வது ஒரு வழி. சுருளைத் தொட்டுப் பார்த்து, கை சூடு தாங்கினால் சரி என்று விடுவது மற்றொன்று. முதல் வழி கீழெல்லையை மட்டுமே காட்டும். இரண்டாவது எந்த எல்லையையும் காட்டாது. கை ஏறக்குறைய 60 டிகிரிக்கு மேல் தாங்காது. நல்ல சுருள்கள் பலவோ அதைவிடச் சூடாகவே ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. தொடும் இடமும் உட்சுற்றுகளைவிடக் குளிர்ந்த இடம்.

கேள்வியே திருத்தப்பட வேண்டும் என்பது என் வாதம். மின்னழுத்தம் சுருளின் இயல்பன்று, சுற்றியவரின் தெரிவு. ஒரே பாபினில் மெல்லிய கம்பியைப் பல சுற்றுகளாகவும் சுற்றலாம், தடித்த கம்பியைச் சில சுற்றுகளாகவும் சுற்றலாம். செம்பின் பருமன் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்வரை, ஒரே வெப்பத்தில் ஒரே காந்தவிசை கிடைக்கும். மாறுவது வோல்ட்டும் ஆம்பியரும் பெருக்கற்பலனைப் பங்கிட்டுக்கொள்ளும் விதம் மட்டுமே. ஜோசப் ஹென்றி 1831இல் வெளியிட்ட ஆய்விலேயே இதன் வேர் இருக்கிறது. தொடராக இணைத்த பல மின்கலங்களுக்கு ஒற்றை நீள்கம்பிச் சுருளும், ஒற்றைக் கலத்துக்கு இணையாக இணைத்த பல குறுங்கம்பிச் சுருள்களும் பொருந்தும் என்று அவர் காட்டினார். ஆகவே, சுருளின் வேலை நிலையை நிர்ணயிப்பது அது வெளியேற்றக்கூடிய வெப்பமும் அதன் மின்காப்பு தாங்கும் வெப்பநிலையும்தான். வோல்ட் அவற்றிலிருந்து கணக்கிட்டு எடுக்கவேண்டிய எண்.

செம்புக் கம்பியின் மீது பூசப்பட்ட எனாமல், சில நூறு வோல்ட்டுக்கெல்லாம் துளைபட்டுவிடுவதில்லை. 12 வோல்ட் சுருளுக்கு 24 வோல்ட் கொடுத்தால் அது சாவது மின்னழுத்தத்தால் அன்று, வெந்துபோவதால். ஐஇசி 60085 தரநிலை மின்காப்புகளை வெப்ப வகுப்புகளாகப் பிரிக்கிறது: ஏ வகுப்புக்கு 105 டிகிரி செல்சியஸ், ஈ வகுப்புக்கு 120, பி வகுப்புக்கு 130, எஃப் வகுப்புக்கு 155, எச் வகுப்புக்கு 180. இவற்றைத் தாண்டிய கணமே காப்பு எரிந்துவிடும் என்பதில்லை. காப்பு மூப்படைவது ஒரு வேதிவினை என்பதை ஆய்வாளர் டாகின் 1948இல் நிறுவினார். வெப்பநிலை எட்டு முதல் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்ற நடைமுறை விதி, பொறியாளர் மான்ட்சிங்கர் 1930இல் மின்மாற்றிகளைப் பற்றி எழுதியதிலிருந்து வருகிறது. "பாதுகாப்பான" என்ற சொல்லுக்குள் எவ்வளவு காலத்துக்கு என்ற கேள்வியும் அடங்கியிருக்கிறது.

சுருளின் உள்ளே வெப்பமானி செருக வேண்டியதில்லை; செம்பே வெப்பமானி. செல்சியஸ் வெப்பநிலையோடு 234.5 கூட்டினால் வரும் எண்ணுக்கு நேர்விகிதத்தில் செம்பின் மின்தடை மாறும். குளிர்ந்த நிலையில் ஒரு முறையும், சூடேறி நிலைத்தபின் ஒரு முறையும் மின்தடையை அளந்தால் சுற்றுகளின் சராசரி வெப்பநிலை கிடைத்துவிடும்.

ஒரு நேர்மின்னோட்டச் சுருளை எடுத்துக்கொள்வோம். 28 டிகிரியில் அதன் மின்தடை 36 ஓம். தயக்கமின்றிக் கொடுக்கக்கூடிய 12 வோல்ட்டில் வைக்கிறோம். தொடக்கத்தில் 0.333 ஆம்பியர் ஓடுகிறது. இனி மாறாது என்ற நிலை வரும்வரை பொறுத்தால் 0.28 ஆம்பியராகக் குறைகிறது. மின்தடை இப்போது 42.9 ஓம், வெப்பநிலை 78 டிகிரி. 3.36 வாட்டுக்கு 50 டிகிரி ஏற்றம், அதாவது வாட்டுக்கு ஏறக்குறைய 14.9 டிகிரி. இதுவே நாம் தேடிய உண்மையான இயல்பு: சுருளின் வெப்பத்தடை.

அடுத்து, சுருள் இருக்கப்போகும் இடம். வெயிலில் நிற்கும் பேனல் பெட்டிக்குள் 45 டிகிரி என்று கொள்வோம். சராசரியைவிட நடுச்சுற்றுகள் சூடாக இருக்கும் என்பதால் பத்து டிகிரி விட்டுவைக்கிறேன். பி வகுப்பு என்று உறுதியாகத் தெரிந்தால் சராசரி 120 வரை போகலாம்: ஏற்றம் 75 டிகிரி, திறன் 5.04 வாட், அந்நிலையில் மின்தடை 48.6 ஓம். விடை 15.6 வோல்ட். வகுப்பு தெரியாவிட்டால் ஏ வகுப்பு என்றே கொள்ளவேண்டும். அப்போது விடை 12.3 வோல்ட்டாக இறங்குகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள மூன்று வோல்ட்டுக்கு மேற்பட்ட இடைவெளி முழுவதும், எந்த மீட்டராலும் அளக்க முடியாத ஒரு தகவலைச் சார்ந்தது. பழைய சுருளின் நிறத்தையும் நாடாவையும் பார்த்து வகுப்பை ஊகிப்பதை நான் ஏற்கமாட்டேன். தெரியாததற்குத் தாழ்ந்த எண்ணைக் கொடுப்பதே நேர்மை.

இதே சுருளை அதே பெட்டிக்குள் 24 வோல்ட்டில் தொடர்ந்து ஓட்டினால் என்ன ஆகும்? குளிர்ந்த மின்தடையை வைத்து 16 வாட் என்று கணக்கிட்டால் 238 டிகிரி ஏற்றம் வரும். அது மிகை. சூடேறச் சூடேற மின்தடை கூடி, மின்னோட்டம் தானே அடங்கும். அதையும் சேர்த்துத் தீர்த்தால் சுருள் 192 டிகிரியில் நிற்கும். எச் வகுப்புக்கும் அது அதிகம். ஆனால் பி வகுப்புக் காப்பிருந்தால் நேரத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு மட்டும் இணைத்து ஓட்டலாம், ஒவ்வொரு இணைப்பும் சுருள் சூடேறும் காலத்தைவிட மிகக் குறுகியதாக இருந்தால். மின்னழுத்தத்தைச் சொல்லி வேலைநேரத்தைச் சொல்லாத பெயர்த்தகடு அரைத்தகவலே. இந்த வெப்பத்தடையும் பொருத்திய இடத்துக்கே உரியது. மரமேசையில் அளந்த எண், பித்தளை வால்வுமேல் இறுக்கிய சுருளுக்குப் பொருந்தாது. வால்வுக்குள் நீராவி ஓடினால் கணக்கே தலைகீழாகும்.

மேலெல்லை இவ்வாறு கிடைத்தால், கீழெல்லையையும் சூடான சுருளிலேயே பார்க்கவேண்டும். மேற்கண்ட சுருள் 12 வோல்ட்டில், 45 டிகிரிச் சூழலில், 93 டிகிரியில் நிலைக்கும். மின்னோட்டம் தொடக்கத்தில் இருந்ததில் 80 விழுக்காடு. இரும்பு தெவிட்டாதவரை இழுவிசை மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அது 64 விழுக்காடாகிறது. அந்நேரத்தில் வழங்கல் 85 விழுக்காட்டுக்கு விழுந்தால் விசை பாதிக்கும் கீழே போய்விடும். காலையில் மேசைமேல் டக்கென்று இழுத்த சுருள், பிற்பகலில் இழுக்காமல் கிடப்பதற்கு இதுவே காரணம். தொடுவிசைகளுக்கான (காண்டாக்டர்) ஐஇசி 60947-4-1 தரநிலை, குறித்த மின்னழுத்தத்தில் 85 முதல் 110 விழுக்காடு வரை சுருள் இயங்கவேண்டும் என்று ஒரு வீச்சாகக் கேட்பது பொருத்தமே.

மாறுமின்னோட்டச் சுருள்களில் நிலைமை வேறு. அங்கே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் மின்தூண்டல். மின்தடையிலிருந்து மின்னழுத்தத்தை ஊகிக்க முடியாது. 500 ஓம் காட்டும் 230 வோல்ட் சுருளுக்கு அதே அளவு நேர்மின்னழுத்தம் கொடுத்தால் 106 வாட்டில் தொடங்கிச் சில நிமிடங்களில் கருகும். இரும்புத்தண்டு முழுதாக உள்ளே வந்து காற்றிடைவெளி மூடினால்தான் தூண்டல் உயரும். மூடாதவரை பல மடங்கு மின்னோட்டம் ஓடும். அதனால்தான் கிராமப்புறப் பம்பு ஸ்டார்ட்டர்களில் காயில் எரிவதற்கு மின்னழுத்தம் குறைவதும் காரணமாகிறது: தொடுவிசை பாதி இழுத்து உறுமிக்கொண்டே நின்று, காயில் வெந்துவிடுகிறது. குறைந்த மின்னழுத்தம் ஆபத்தற்றது என்ற நம்பிக்கையைக் கைவிட, விவசாயிகள் மாற்றிப் போட்ட காயில்களே போதிய சான்று. அதிர்வெண்ணையும் கவனிக்கவேண்டும். 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியதை நம் 50 ஹெர்ட்ஸில் அதே மின்னழுத்தத்தில் போட்டால் காந்தப்பாயம் 20 விழுக்காடு கூடி, இரும்பு தெவிட்டும்.

ஆகையால் மாறுமின்னோட்டச் சுருளுக்குச் சோதனை முறையை மாற்றவேண்டும். தண்டை முழுதாக உள்ளே அழுத்திப் பிடித்துவைத்து, வேரியாக் (மின்னழுத்தத்தை மாற்றத்தக்க மின்மாற்றி) வழியே மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே மின்னோட்டத்தைக் குறித்துவரவேண்டும். இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது மின்னோட்டம் மட்டும் திடீரென முந்தத் தொடங்கும் இடம் இரும்பின் தெவிட்டுநிலை; அதற்குக் கீழேயே நிற்கவேண்டும். அங்கே நிறுத்தி, சூடேறி நிலைத்ததும் மின்சாரத்தைத் துண்டித்த சில நொடிகளுக்குள் மின்தடையை அளந்தால், நேர்மின்னோட்டச் சுருளுக்குச் செய்த அதே வெப்பநிலைக் கணக்கைப் போடலாம். அதன்பின், சூடு ஆறுவதற்குள் தண்டை விடுவித்து, 85 விழுக்காட்டில் அது முழுதாக இழுபடுகிறதா என்று பார்க்கவேண்டும். இழுபடாவிட்டால் அந்தச் சுருளுக்கு அந்த வேலையில் பாதுகாப்பான மின்னழுத்தம் என்று ஒன்று கிடையாது. சுமையைக் குறைக்கவேண்டும், அல்லது வேறு சுருள் சுற்றவேண்டும்.