பருவமும் மூளையும்

உடல் முதிர்ந்தால் அறிவும் உடன் முதிர்ந்துவிடும் என்பது நெடுங்காலமாக நிலவி வந்த நம்பிக்கை. ஆறு வயதிற்குள்ளாகவே மூளை தன் முழு அளவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. ஆதலின், அதன் வளர்ச்சி குழந்தைப் பருவத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது என்றே பலரும் எண்ணினர். இவ்வெண்ணம் மாறிய வரலாறு அறியத் தக்கது.

குமரப் பருவத்தைத் தனியோர் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்ட முன்னோடிகளுள் ஒருவர், அமெரிக்க உளநூலறிஞர் ஸ்டான்லி ஹால். 1904இல் அவர் இரு தொகுதிகளாக வெளியிட்ட நூல், அப்பருவத்தைப் புயலும் கொந்தளிப்பும் மிக்க காலமாகக் கண்டது. ஆயினும், அக்கொந்தளிப்பின்போது மூளையில் நிகழ்வது யாதெனக் காட்டும் கருவி அன்று இல்லை.

1959இல் கான்ஸாஸ் பல்கலைக்கழகத்தார் கினிப் பன்றிகளைக் கொண்டு ஒரு சோதனை நிகழ்த்தினர். பிறப்பதற்கு முன் கிடைக்கும் ஹார்மோன், பிற்கால நடத்தைக்குரிய நரம்பமைப்பை வகுக்கின்றது. வளர்ந்தபின் சுரப்பது அவ்வமைப்பை இயக்குகின்றது என்பது அவர்கள் முடிபு. 2004இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி இதனை விரிவுபடுத்தியது. ஆண் ஹாம்ஸ்டர் எலிகளுக்குப் பருவமடையும் வேளையில் ஹார்மோன் கிட்டாமற் செய்து, வளர்ந்தபின் அதனை அளித்தனர். அப்போதும் அவற்றின் இணைசேரும் நடத்தை முழுமை பெறவில்லை. பருவமடையும் காலமும் மூளை உருப்பெறும் காலமே என்பது இதனால் விளங்கிற்று.

மனித மூளையைப் பற்றிய சான்றுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. 1979இல் சிகாகோவைச் சேர்ந்த ஹட்டன்லோக்கர், இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்தார். நெற்றிப் பகுதியில் நரம்பணுக்களின் இணைப்புகள் இளங்குழந்தைகளிடம் மிகுந்திருந்து, பதினாறு வயது வரையில் குறைந்து வருவதை அவர் கண்டார். 1999இல் ஜே கீட் என்பாரும் அவர்தம் குழுவினரும், 145 இளையோரின் மூளைகளை எம்.ஆர்.ஐ. கருவியாற் படமெடுத்தனர். நெற்றிப் பகுதியின் சாம்பல் நிறப் பொருள் பெண்களிடம் 11 வயதளவிலும், ஆண்களிடம் 12 வயதளவிலும் உச்சம் எய்திப் பின்னர்க் குறைந்தது. பெண்கள் முந்திப் பருவமடைவதோடு இது ஒத்திருத்தல் நோக்கத்தக்கது.

ஆகவே, பருவமடைதல் மூளை வளர்ச்சியின் முடிவன்று. உணர்ச்சியையும் வேட்கையையும் தூண்டும் பகுதிகள் அப்போது விரைவு பெறுகின்றன. அவற்றை அடக்கியாளும் நெற்றிப் பகுதியோ இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கிறது.

இவ்வுண்மை நீதிமன்றங்களையும் எட்டியது. பதினெட்டு வயதிற்கு முன் குற்றமிழைத்தோர்க்கு மரண தண்டனை கூடாதென 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டில், 2000ஆம் ஆண்டுச் சட்டம் சிறார் நீதியின் பாதுகாப்பை ஆண்பிள்ளைகளுக்கும் பதினெட்டு வயது வரையில் நீட்டியது. 2015ஆம் ஆண்டுச் சட்டமோ, கொடுங்குற்றம் சாட்டப்பட்ட பதினாறு வயதிற்கு மேற்பட்டோரை, அவர்தம் மனநிலையை ஆய்ந்தபின், வயதுவந்தோராக விசாரிக்க வழிவகுத்தது. அம்மனநிலையை அளந்து சொல்லும் படக்கருவி எதுவும் இல்லை. எனவே, மீசை அரும்பிய முகத்தை மட்டும் கண்டு முதிர்ந்த மனத்தை எதிர்பாராதிருத்தல், பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் நீதிபதிகளுக்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.