சீட்டுக்கட்டும் சிறைக்கதவும்

ஊரில் ஒருவர் காலமானார் என்னும் செய்தி வந்தால், வெளியூரில் வாழும் நம்மனோர் என்ன செய்கிறோம்? அந்நாளில் தந்தி வந்தது; இந்நாளில் கைப்பேசி ஒலிக்கிறது. மற்றவையெல்லாம் பழையபடிதான். கையிருப்பை எண்ணிப் பார்க்கிறோம். போதாததற்கு நண்பரிடம் கைமாற்று வாங்குகிறோம். மாலை வண்டியைப் பிடிக்க ஓடுகிறோம். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் இரண்டு இரவுகளைக் கழிக்க வேண்டுமே என்று யாரோ ஒருவர் பைக்குள்ளிருந்து சீட்டுக்கட்டை எடுக்கிறார். துக்கத்திற்குப் போகிறவர்கள் சீட்டாடலாமா என்று கேட்பாரும் உண்டு. ஆனால் வழிநெடுகத் துக்கத்தையே சுமந்துகொண்டிருக்க எவராலும் இயலாது.

அப்படி இழவுக்குப் புறப்பட்டு, வண்டியில் சீட்டாடிக்கொண்டு சென்ற ஐவரின் வரலாற்றையே ஈண்டு எழுத முற்படுகிறோம். அவர்கள் தமிழர் அல்லர், அயர்லாந்துக்காரர்கள். பிழைப்புக்காக இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பல ஆண்டுகளாகக் குடியிருந்தவர்கள். 1974 நவம்பர் 21ஆம் நாள், வியாழக்கிழமை. ஜெரார்டு ஹன்டர், ரிச்சர்டு மக்கில்கென்னி, வில்லியம் பவர், ஜான் வாக்கர், பாட்ரிக் ஹில் என்னும் ஐவரும் பெல்ஃபாஸ்டுக்குப் புறப்பட்டனர். ஹில் பயணச் செலவுக்குக் கன்னியர் மடத்துச் சகோதரி ஒருவரிடம் கடன் வாங்கியிருந்தார். ஹ்யூ காலகன் என்னும் ஆறாமவர் இரயிலடிவரை வந்து வழியனுப்பிவிட்டுத் திரும்பினார். நியூ ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து வண்டி கிளம்பிய நேரம் இரவு 7 மணி 55 நிமிடம்.

8 மணி 17 நிமிடத்துக்கு அந்நகரின் நடுவே ‘மல்பெரி புஷ்’ என்னும் மதுக்கடையில் குண்டு வெடித்தது. பத்து நிமிடம் கழித்து ‘டேவர்ன் இன் த டவுன்’ என்னும் மற்றொரு கடையிலும் வெடித்தது. இருபத்தொருவர் மாண்டனர், 180க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். பெரும்பாலோர் இளைஞர். வேலை முடிந்து நண்பர்களைக் காண வந்தவர்கள். இந்தக் கொடுமையை நாம் சிறிதும் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. பின்னர் நடந்த அநீதியைப் பற்றிப் பேசுவோர் பலர், முதலில் நடந்த அநீதியை ஒரு வரியில் கடந்துபோய்விடுகின்றனர். அது முறையன்று.

ஐவரும் ஹேஷம் துறைமுகத்தில் கப்பலேறும் இடத்தில் நிறுத்தப்பட்டனர். அவர்கள் செல்லவிருந்த இறுதிச் சடங்கு ஜேம்ஸ் மக்டேடு என்பவருடையது. அயர்லாந்துக் குடியரசுப் படையைச் சேர்ந்த அவர், ஒரு வாரத்திற்கு முன் கவன்ட்ரி நகரத் தொலைபேசி நிலையத்தில் குண்டு வைக்கும்போது அது வெடித்து மாண்டவர். இவர்களுக்கு அவர் அறிமுகமானவர். ஊர்ப்பழக்கம் என்பது அரசியல் பார்த்து வருவதில்லை. ஆயினும் எதற்குப் போகிறீர்கள் என்று காவலர் வினவியபோது அவர்கள் உண்மையை முழுவதும் சொல்லவில்லை. அச்சம் காரணம். அந்த ஒரு மறைப்பு பின்னர் பெரும் பழியாக வளர்ந்தது.

மோர்க்காம் காவல் நிலையத்தில் அன்றிரவே ஃபிராங்க் ஸ்கியூஸ் என்னும் தடயவியல் அறிஞர் அவர்கள் கைகளைச் சோதித்தார். கிரீஸ் சோதனை என்பது அதன் பெயர். கையைத் துடைத்தெடுத்த நீர்மத்தில் வேதிப்பொருளைச் சேர்த்தால், வெடிமருந்தாகிய நைட்ரோகிளிசரினின் சுவடு இருப்பின் நிறம் மாறும். இருவர் கைகளில் நிறம் மாறிற்று. அவர்கள் வெடிமருந்தைத் தொட்டிருப்பர் என்பதில் தொண்ணூற்றொன்பது விழுக்காடு உறுதி என்று நீதிமன்றத்தில் அவர் சாட்சி சொன்னார். வெடிமருந்துத் துறையில் பழுத்த மற்றோர் அறிஞர் மறுத்துச் சொன்னதை நீதிபதி பொருட்படுத்தவில்லை. நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளும் அதே நிறமாற்றத்தைத் தரும். அப்பொருள் சீட்டுக்கட்டின் மேற்பூச்சில் உண்டு. வண்டியில் ஆடிய சீட்டே அவர்கள் கையில் வெடிமருந்தாயிற்று.

அடுத்த நாட்களில் பர்மிங்காமில் காலகனும் பிடிபட்டார். அறுவரில் நால்வர் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டனர். ஹில்லும் ஹன்டரும் இறுதிவரை இடவில்லை. அடித்தும், உறங்கவிடாமலும், குடும்பத்தாரைச் சொல்லி மிரட்டியும் வாங்கிய கையெழுத்து என்று அவர்கள் முறையிட்டனர். லங்காஸ்டர் கோட்டையில் விசாரணை நடந்தது. 1975 ஆகஸ்டு 15ஆம் நாள், நாம் இங்கே விடுதலைத் திருநாள் கொண்டாடிய அதே நாளில், அறுவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

குண்டு வெடித்த எட்டாம் நாளே, நவம்பர் 29ஆம் நாள், பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. ஐயத்தின்பேரில் ஒருவரை ஏழு நாள்வரை காவலில் வைக்க அது இடந்தந்தது. பர்மிங்காமின் அயர்லாந்துக் குடும்பங்கள் தம் பேச்சு வாடையை மறைத்து வாழ்ந்தன. அங்கே ஆண்டுதோறும் நடந்த புனித பாட்ரிக் திருவிழா ஊர்வலம் நின்றது. 1996இல்தான் மறுபடி தொடங்கிற்று. பிற மண்ணில் பொங்கல் விழா எடுக்கும் நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

மதுரை நகர்க்குப் பிழைக்க வந்த கோவலனும் புதியவன்தானே! பொற்கொல்லன் சொல்லை நம்பினான் மன்னன், ஆராயாது ஆணையிட்டான். காவலருள் ஒருவன் இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்கியதாக இளங்கோவடிகள் காட்டுகிறார். ஆனால் குடித்திருந்த மற்றொருவன் வாளை வீசிவிட்டான். பின்னர்க் கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் உண்மை அது. பர்மிங்காம் வழக்கில் சிலம்பை உடைக்கப் பதினாறு ஆண்டுகள் ஆயின.

அறுவரும் காவல்துறை மீது இழப்பீட்டு வழக்குத் தொடுத்தனர். 1980இல் அதனைத் தள்ளுபடி செய்த டென்னிங் பிரபு சொன்ன காரணம் வியப்புக்குரியது. இவர்கள் வென்றால், காவலர் பொய்ச்சாட்சி கூறினர், வன்முறை செய்தனர், வாக்குமூலங்கள் தாமாகத் தந்தவை அல்ல, தீர்ப்பே தவறு என்றெல்லாம் ஆகிவிடும். அது அஞ்சத்தக்க காட்சி. ஆகவே வழக்கு மேற்செல்லக் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். உண்மை பெரிதாக இருப்பதனாலேயே அதனைக் காணாதிருக்க வேண்டும் என்று இத்துணை வெளிப்படையாக ஒரு பெரிய நீதிபதி சொன்னதை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

சிலம்பை உடைத்தவர்கள் இதழாளர்கள். கிரனடா தொலைக்காட்சியின் ‘வேர்ல்டு இன் ஆக்‌ஷன்’ நிகழ்ச்சியினர் 1985இல் கிரீஸ் சோதனையை மீண்டும் செய்வித்து, சீட்டுக்கட்டைத் தொட்ட கையிலும் அதே நிறம் வருவதைக் காட்டினர். கிறிஸ் முல்லின் என்னும் எழுத்தாளர் உண்மையில் குண்டு வைத்தோரைத் தேடி அயர்லாந்துக்குச் சென்று உரையாடி, 1986இல் நூல் எழுதினார். அடுத்த ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். வழக்கு மேல்முறையீட்டுக்கு வந்தது. 1988 ஜனவரியில் அதுவும் தள்ளுபடியாயிற்று. விசாரணை நீள நீளப் பழைய தீர்ப்பே சரியென்ற உறுதி தமக்கு வளர்ந்ததாகத் தலைமை நீதிபதி லேன் பிரபு கூறினார்.

இந்த இருளில்தான் 1990 மார்ச்சில் கிரனடா நிறுவனம் ஓர் ஆவண நாடகத்தை ஒளிபரப்பிற்று. ‘ஹூ பாம்டு பர்மிங்காம்?’ என்பது அதன் பெயர். பர்மிங்காமில் குண்டு வைத்தவர் யார் என்று பொருள். முல்லினாக நடித்தவர் ஜான் ஹர்ட். நடந்ததை நடிகரைக் கொண்டு மீண்டும் நடத்திக் காட்டுவதே ஆவண நாடகம் எனப்படுவது. நம் தெருக்கூத்துக்கும் செய்தித்தாளுக்கும் இடைப்பட்ட ஒரு வகை எனலாம். வாக்குமூல அறையின் நான்கு சுவர்களுக்குள் நடந்ததைப் படமெடுக்க எந்த ஒளிப்படக் கருவியும் அங்கே இருந்ததில்லை. அதனைக் காட்ட நாடகத்தையன்றி வேறு வழி ஏது?

ஆயினும் நமக்கு ஒரு தயக்கம் உண்டு. அந்த நாடகம், உண்மைக் குற்றவாளிகள் எனத் தான் கருதியோரைப் பெயர் சொல்லிக் காட்டிற்று. விசாரணையின்றிப் பழி சுமத்தப்பட்டோருக்காக வாதாடும் ஒரு படைப்பு, விசாரணைக்கு வராத சிலர்மீது தானே பழியைச் சுமத்தலாமா? அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் ‘சரியாகவே இருக்கலாம்’ என்பதுதானே 1975இல் நீதிமன்றமும் எண்ணியது! ஒளிபரப்பியோர்க்கும் இது தெரியாமலிராது. வேறு கதவெல்லாம் மூடிக் கிடந்ததால் தட்டிய கதவு அது.

அவ்வாண்டு ஆகஸ்டில் உள்துறை அமைச்சர் வழக்கை மீண்டும் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். காவலரின் விசாரணைக் குறிப்பேட்டை நுண்கருவிகொண்டு ஆராய்ந்தபோது, ஒரே நேரத்தில் எழுதியதாகச் சொன்ன பக்கங்கள் அவ்வாறு எழுதப்பட்டவை அல்ல என்பது தெரிந்தது. 1991 மார்ச் 14ஆம் நாள் அறுவரும் விடுதலையாகி இலண்டன் ‘ஓல்டு பெய்லி’ வாயிலில் வந்து நின்றனர். கைதானபோது சிறுவராயிருந்த அவர்தம் மக்கள் வளர்ந்து பெரியவர்களாகியிருந்தனர். அன்றே குற்றவியல் நீதி முறையை ஆராய ஓர் அரச ஆணையம் அறிவிக்கப்பட்டது. அதன் பயனாகத் தவறான தீர்ப்புகளை மறு ஆய்வு செய்யும் தனி ஆணையம் 1997இல் பணி தொடங்கிற்று. முன்னாள் காவல் அதிகாரிகள் மூவர்மீது தொடுத்த வழக்கு, செய்திகள் மிகப் பரவிவிட்டமையால் நேர்மையான விசாரணை இயலாது என்று 1993இல் நிறுத்தப்பட்டது. பாண்டியன் தன் பிழையை உணர்ந்த கணத்தில் அரியணையிலிருந்து வீழ்ந்தான் என்று படித்து வளர்ந்த நமக்கு இது சற்றே உறுத்துகிறது.

இந்நாட்டில் வாழும் நாம் அறியவேண்டிய ஒரு செய்தியும் இதில் அடங்கியுள்ளது. காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் விதித்தது. அதனை வகுத்தவர்கள் ஆங்கிலேயரே. தம் நாட்டுக்கு அந்தக் காவலை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. நாமோ இருந்த காவலை நீக்கினோம். 1987ஆம் ஆண்டின் தடா சட்டம், கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி பதிவு செய்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்றது. 1995இல் அது காலாவதியாயிற்று. 2002இல் வந்த பொடாவிலும் அதே விதி இருந்தது. 2004இல் அதுவும் நீக்கப்பட்டது. இவ்விரு சட்டங்களும் இருந்த காலத்தில் வேற்றூரில் வேற்றுமொழி பேசி வாழ்ந்தோர் எத்தனை பேர் தமக்குப் புரியாத தாளில் கையெழுத்திட்டனரோ, நாம் எண்ணிப் பார்க்கவே அஞ்சுகிறோம்.

அறுவருள் மக்கில்கென்னி 2006இலும், காலகன் 2023இலும், ஹில் 2024இலும் மறைந்தனர். விடுதலைக்குப் பின் ஹில், தம்மைப்போல் தவறாகத் தண்டிக்கப்பட்ட பிறருக்காகவே உழைத்தார். மாண்ட இருபத்தொருவரின் குடும்பத்தாரோ இன்னும் காத்திருக்கின்றனர். அவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்று 2019இல் மரண விசாரணை நடுவர்கள் கூறினர்; ஆனால் அறுவர் விடுதலைக்குப் பின் வேறெவரும் அக்கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டதில்லை. தவறான ஆறு பேரைப் பிடித்து அடைத்த அன்றே உண்மையானவர்களைத் தேடும் வேலையும் நின்றுபோயிற்று. அந்தக் குடும்பங்களும் ஏமாற்றப்பட்டவையே.

2018 நவம்பர் 21ஆம் நாள் நியூ ஸ்ட்ரீட் நிலையத்தின் வெளியே ஒரு நினைவுச் சின்னம் திறந்து வைக்கப்பட்டது. எஃகினால் ஆன மூன்று மரங்கள்; இறந்த இருபத்தொருவரின் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. அமைத்தவர் அனுராதா பட்டேல் என்னும் சிற்பி. அதனை எழுப்ப முன்நின்றவர்கள் பர்மிங்காம்வாழ் அயர்லாந்துச் சங்கத்தார். அன்றிரவு ஐவர் சீட்டுக்கட்டோடு வண்டியேறியதும் அந்த நிலையத்தில்தான்.