மாணாக்கரும் தன்வரலாறும்

தன்வரலாறு எழுதுதல் ஆண்டாலும் அறிவாலும் முதிர்ந்த பெரியோர்க்கே உரிய செயல் என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. இருபது அகவை நிரம்பிய மாணாக்கன் ஒருவனை நோக்கி, ‘நின் வரலாற்றை எழுதுக’ என்று கூறின், அவன் நாணி நிற்கின்றான். ‘எழுதுவதற்கு யாது உளது?’ என வினவுகின்றான். இவ்வினா பணிவினின்றும் எழுந்ததா, அன்றி அவன் வாழ்வு எழுதத்தகாதது என்று பிறர் அவனுக்குக் கற்பித்ததனால் எழுந்ததா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருளாகும். அதற்குத் தமிழில் தன்வரலாறு வளர்ந்த நெறியை ஒருவாறு நோக்குதல் இன்றியமையாதது.

தன்னைப் பற்றித் தான் கூறுதலில் தமிழ் மரபு ஒரு தயக்கத்தைக் காட்டி வந்துள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவரின் நன்னூலை எடுத்துக்கொள்வோம். எத்துணை அரிய நூல் செய்தானாயினும், ஒருவன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது அந்நூலின் பாயிரவியல் கூறும் விதி. ஆதலின் சிறப்புப்பாயிரம் செய்தற்கு உரியோர் ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் என நால்வராக வகுக்கப்பட்டனர். ஆயினும் அந்நூலே விதிவிலக்கும் கூறுகின்றது. அரசவைக்கு ஓலை விடுக்குமிடத்தும், தன் ஆற்றலை உணராதார் நடுவிலும், பேரவையில் வாது வெல்லும்பொழுதும், எதிரி தன்னைப் பழித்த காலத்தும் புலவன் தன்னைப் புகழ்தல் தகும் என்பது அது. இவ்விலக்குகளுள் இரண்டாவதும் நான்காவதும் நம் கருத்திற்கு மிகவும் வேண்டற்பாலன. உணராதார் நடுவே நிற்பவனும் பழிக்கப்பட்டவனும் தம்மைப் பற்றித் தாமே பேசும் உரிமையுடையர் என்பதை நம் இலக்கணம் பண்டே உடன்பட்டுள்ளது. நன்னூலார் புலவர்க்குக் கூறிய அவ்வுரிமையை மாணாக்கர்க்கும் விரித்துக்கொள்ளுதல் தவறாகாது என்பது எம் துணிபு.

நாட்குறிப்பும் தன்வரலாறும் வேறு வேறு என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். புதுச்சேரியில் துய்ப்ளேக்சின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, அன்றன்று கண்டதையும் கேட்டதையும் அவ்வப்பொழுதே பதிந்து வைத்தது. நாட்குறிப்பு எழுதுவோன் நாளை நிகழப்போவதை அறியான். தன்வரலாறு எழுதுவோனோ நிகழ்ந்தது அறிந்தவன்; நினைவினின்று சிலவற்றைத் தேர்கின்றான், சிலவற்றை விடுகின்றான். மாணாக்கர்க்கு வழிகாட்டும் ஆசிரியர் முதலில் விளக்க வேண்டுவது இவ்வேறுபாடே.

தன்வரலாறு முதுமையின் விளைவே என்னும் கருத்தைப் பாரதியார் 1910-இல் பொய்யாக்கினார். ‘கனவு’ என்னும் பெயரால் அவர் செய்யுளில் தம் சுயசரிதையைப் பாடியபொழுது அவருக்கு முப்பது அகவை நிரம்பவில்லை. அதன்கண் ஒரு பகுதி ஒரு மாணாக்கனின் முறையீடாகவே அமைந்துள்ளது. தம் விருப்பத்திற்கு மாறாகத் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டு ஆங்கிலக் கல்வி பயின்றதையும், அதனால் தந்தைக்கு நேர்ந்த பொருட்செலவையும், தமக்கு விளைந்த தீங்கையும் அவர் ஒளிக்காது கூறுகின்றார். தாம் பெற்ற கல்வியை மாணாக்கனே மதிப்பிட்டுத் தீர்ப்புரைக்கும் துணிவு இதனிடத்துக் காணப்படுகின்றது. வ. உ. சிதம்பரம் பிள்ளையும் தம் வரலாற்றைச் செய்யுளிலேயே யாத்தார். அது அவர் மறைவிற்குப் பின்னரே, 1946-இல், நூலாக வெளிவந்தது. திரு. வி. க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புக்க’ளும் நாமக்கல் கவிஞரின் ‘என் கதை’யும் 1944-இல் தோன்றின. உரைநடைத் தன்வரலாறு நிலைபெற்ற காலம் இஃது எனலாம்.

இக்காலத்துப் படைப்புக்களுள் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ தனித்து நிற்பது. ஐயர் தம் வரலாற்றை எழுதுமுன் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை எழுதினார். அஃது 1933-இல் வெளிவரத் தொடங்கியது. மாணாக்கன் ஆசிரியனைப் பற்றிக் கூறலாம் என்னும் பழைய பாயிர மரபின் வழியே சென்று, பின்னரே அவர் தம்மைப் பற்றிப் பேசினார் என்பது கருதத்தக்கது. 1940-இல் ஆனந்த விகடனில் தொடங்கிய ‘என் சரித்திரம்’, 1942 ஏப்ரலில் ஐயர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்றது, 1950-இல் நூலாயிற்று.

இந்நூல் பெரிதும் ஒரு மாணாக்கனின் வரலாறே. தமிழ் கற்பிப்பார் எவ்வூரில் உளர் எனத் தேடித் தந்தையார் குடும்பத்துடன் ஊர் ஊராகப் பெயர்ந்தமையும், 1871-இல் மாயூரத்தில் பிள்ளையவர்களை அடைந்தமையும், அவர்பால் பயின்ற நாள்களும் அதில் விரிவாகக் கூறப்படுகின்றன. உண்ட உணவு, நடந்த வழி, கடன் வாங்கிய பொருள், ஏடு இரவல் பெற்ற வீடு ஆகிய சிறு செய்திகளே அவ்வரலாற்றிற்கு உயிராகின்றன. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்ட நிகழ்ச்சி யாவரும் அறிந்தது. தாம் கற்ற நூல்களை ஐயர் வரிசையாகக் கூற, முதலியார் அவற்றைப் பொருட்படுத்தாது, சீவகசிந்தாமணி முதலியவற்றைப் படித்ததுண்டா என வினவினார். ஐயர் அவற்றைப் படித்திருக்கவில்லை. பல்லாண்டுகள் பயின்ற ஒருவர், தாம் அறியாதது எத்துணை என உணர்ந்த அந்நிலையை மறைக்காது எழுதியமையாலேயே, 1887-இல் சிந்தாமணி பதிப்பிக்கப்பெற்றதன் பெருமை நமக்கு முழுதும் விளங்குகின்றது. தான் வென்ற இடத்தை எழுதுதல் எளிது. தான் நாணிய இடத்தை எழுதுதலே தன்வரலாற்றின் உரைகல்.

எனினும் எல்லா நாணமும் ஒரு தன்மையது அன்று. இங்கே இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் சிறு நூலை நினைவுகூர வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவராகி வட்டமேசை மாநாட்டில் அமர்ந்த அப்பெருமகனார், கோயம்புத்தூரில் பயின்ற நாள்களில் தம் குலம் பிறர்க்குத் தெரிந்துவிடுமோ என அஞ்சி, உடன் பயில்வாரோடு கலந்து பழகாது ஒதுங்கி வாழ்ந்ததைக் குறிப்பிடுகின்றார். ஐயரின் நாணம் கல்வியைத் தூண்டியது; சீனிவாசனார்க்கு நேர்ந்த அச்சமோ பிறர் அவர்மேல் சுமத்தியது. முன்னதை எழுதுக என்று மாணாக்கனை ஊக்கலாம். பின்னதை எழுதுமாறு அவனைப் பணித்தற்கு எவ்வாசிரியர்க்கும் உரிமை இல்லை. சீனிவாசனார் அதனைத் தம் முதுமையில், தாமே விரும்பிய காலத்தில், தாமே விரும்பிய அளவில் எழுதினார் என்பதை மறத்தல் ஆகாது.

மொழி பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். 1992-இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ பேச்சு வழக்கிலேயே எழுதப்பட்டது. அம்மொழியைச் செந்தமிழாக்கினால் அவ்வாழ்வும் உடன் மறையும். 2005-இல் தோன்றிய கே. ஏ. குணசேகரனின் ‘வடு’ம் ஒருவர் தம் இளமையையும் கல்வி பெற்ற வழியையும் கூறும் நூலே. இலக்கண வழு களைதலைத் தொழிலாகக் கொண்ட நாம், மாணாக்கன் தன் தாய் பேசியதை எழுதுமிடத்துச் சிவப்பு மையை விலக்கி வைத்தல் நன்று.

இனி, எம் வகுப்பில் கண்ட ஒன்றைக் கூறுவோம். முதுகலை மாணாக்கர்க்குத் தன்வரலாற்றுப் பயிற்சி அளித்தபொழுது, ஏறத்தாழ அனைவரும் பிறந்த நாள், பெற்றோர் பெயர், பயின்ற பள்ளி, எதிர்கால நோக்கம் என ஒரே வரிசையில் எழுதித் தந்தனர். வேலைக்கு விடுக்கும் விண்ணப்பம் போன்றிருந்தது அது. ஒருவர் மட்டும் வெற்றுத்தாளை நீட்டினார். யாது காரணம் என வினவியபொழுது, ‘எங்கள் வீட்டில் எழுதி வைத்தது எதுவும் இல்லை ஐயா’ என்றார். வீட்டில் கணக்கு எவ்வாறு வைத்துக்கொள்வர் என்று கேட்டோம். பால் விற்ற கணக்கைத் தாயார் அடுப்படிச் சுவரில் கரிக்கோடுகளாகக் கிழித்து வைப்பார் என்றும், ஆண்டுதோறும் பொங்கலுக்கு வெள்ளையடிக்குமுன் அக்கோடுகளை எண்ணிப் பார்ப்பது தம் வேலை என்றும் அவர் கூறினார். ‘அதனை எழுதுக’ என்றோம். எழுத்தறியாத் தாயின் ஏடாகிய அச்சுவரினின்று அவர் வரலாறு தொடங்கியது. எனினும் அதனை வகுப்பில் படிக்குமாறு நாம் கேட்டபொழுது அவர் மறுத்தார். கேட்டது எம் பிழை என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

மேற்கூறியவற்றால் ஆசிரியர் கடன் ஒருவாறு புலனாகும். முதலாவதாக, பிறப்பிலிருந்து தொடங்குமாறு கூறாது, மாணாக்கன் நன்கு நினைவில் வைத்துள்ள ஒரு பொருளிலிருந்தோ ஓர் இடத்திலிருந்தோ தொடங்கச் செய்தல் வேண்டும். இரண்டாவதாக, நினைவை மட்டும் நம்பாது, பள்ளிச் சான்று, கடிதம், நிலப்பத்திரம், மூத்தோர் வாய்மொழி ஆகியவற்றோடு ஒப்புநோக்கப் பழக்குதல் வேண்டும். பள்ளியில் சேர்த்த நாளில் தலைமையாசிரியர் கணித்து எழுதிய பிறந்த நாளே பலர்க்கு நிலைத்துவிட்டது. அவ்வேறுபாட்டைக் கண்டறிதலே வரலாற்று ஆராய்ச்சியின் முதற்பாடமாகும். மூன்றாவதாக, எழுதியதைப் பிறர்க்குக் காட்டுவதும் காட்டாமையும் எழுதியவர் விருப்பத்திற்கே விடப்படுதல் வேண்டும். அதற்கு மதிப்பெண் இடுதல் பொருந்தாது. இடவே வேண்டுமாயின், முயற்சிக்கு இடலாம், வாழ்விற்கு இடலாகாது.

பிறர் வரலாற்றை ஆராய்வதற்கு நாம் மாணாக்கரைப் பல்லாண்டுகளாகப் பழக்கி வருகின்றோம். கல்வெட்டினைப் படிக்கக் கற்பிக்கும் நாம், கரிக்கோட்டினைப் படிக்கவும் கற்பித்தல் வேண்டும். வெள்ளையடிக்கும் நாள் ஆண்டுதோறும் வருகின்றது.