செவிப்புறத்துக் கொடுநோய்

செவியில் வலி என்றால் இரண்டு சொட்டு மருந்தை விட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பெரும்பாலும் அதுவே போதும். குளத்தில் மூழ்கிக் குளித்த இளைஞனுக்குப் புறச்செவியில் தோன்றும் அழற்சி சில நாள்களில் ஆறிவிடும். ஆனால் முதுமையும் நீரிழிவும் ஒருங்கே வாய்த்தவரிடம் அதே சிறு புண் உயிரையே கேட்கக்கூடும். மாணவ நண்பர்களே, அந்நோயை மருத்துவர் அறிந்துகொண்ட வரலாற்றைச் சிறிது காண்போம்.

முதலில் பகைவனைப் பார்ப்போம். புண்ணின் கட்டுத்துணியில் நீலமும் பச்சையுமாகச் சீழ் படிவதை அறுவை மருத்துவர்கள் நெடுநாளாகக் கண்டுவந்தனர். 1882இல் பிரெஞ்சு நாட்டவரான கார்ல் கெசார் என்பார், அந்நிறத்திற்குக் காரணமான நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்பது அதன் இன்றைய பெயர். பின்சொல், செம்பில் ஏறும் பச்சைக் களிம்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. புளியிட்டுத் துலக்காத செப்புக்குடத்தைக் கண்டவர்க்கு அந்நிறத்தை விளக்க வேண்டுவதில்லை. மற்றக் கிருமிகள் பலவற்றை வீழ்த்திய பென்சிலின் இதனிடம் தோற்றது.

1959இல் அமெரிக்க மருத்துவர்களான மெல்ட்சரும் கெலமனும், இக்கிருமி செவியைச் சூழ்ந்த எலும்பை அரித்த நிலையை விரித்தெழுதினர். 1968இல் மயாமி நகரத்து ஜேம்ஸ் சாண்ட்லர் 13 நோயாளரின் வரலாற்றைத் தொகுத்து, 'மாலிக்னன்ட்' என்னும் அடைமொழியோடு நோய்க்குப் பெயரிட்டார். அச்சொல்லைக் கேட்போர் புற்றுநோயை நினைப்பர். இங்கே புற்று ஏதுமில்லை. எனினும், அந்நாளில் இந்நோயுற்றாருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர் ஆதலின், அப்பெயரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

மாண்டது ஏன்? செவிக்குழலின் வெளிப்பகுதி குருத்தெலும்பால் ஆனது. அதில் இயல்பாகவே சில பிளவுகள் உள்ளன. 18ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரில் வாழ்ந்த உடற்கூற்றறிஞர் சாந்தோரினியின் பெயரால் அவை வழங்குகின்றன. அவ்வழியே கிருமி இறங்கி மண்டையோட்டின் அடித்தளத்தை அடைகிறது. நீரிழிவால் நுண்ணிய குருதிக் குழாய்கள் நலிந்த உடலில் அதனைத் தடுக்கப் போதிய காவல் இல்லை. இரவில் உறங்கவொட்டாத வலி முதல் அறிகுறி. நாளடைவில் முகநரம்பு செயலிழந்து வாய் ஒருபுறம் கோணிவிடும். இந்நிலையில் சொட்டுமருந்தை மட்டும் நம்புவது, வீட்டினுள் தீப்பற்றியிருக்கத் திண்ணையில் நீர் தெளிப்பதை ஒக்கும்.

நோய் செவியினது அன்று, எலும்பினது என்று தெளிந்தபின் சிகிச்சையும் மாறிற்று. தொடக்கத்தில் கத்தியையே பெரிதும் நம்பினர். பின்னர் ஜென்டாமைசின் போன்ற ஊசிமருந்துகள் வந்தன. அவையோ சிறுநீரகத்தையும் உட்செவியையும் கெடுக்க வல்லவை. செவிநோய்க்கு இட்ட மருந்தே கேட்கும் ஆற்றலைப் பறிக்கும் கொடுமையை என்னென்பது! 1980களில் சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது. வாய்வழி உண்டாலும் எலும்புவரை சென்று இக்கிருமியைத் தாக்கும் மாத்திரை அது. மாதக்கணக்கில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவர்கள் பலர் அதனால் வீட்டிலிருந்தே நலம் பெற்றனர். இறப்பும் பெரிதும் குறைந்தது. அறுவை இன்று அழுகிய திசுவை நீக்கவும், ஆய்வுக்குச் சிறு துண்டு எடுக்கவுமே பெரும்பாலும் பயன்படுகிறது.

ஆயினும், முகநரம்பு முதலியன தாக்கப்பட்டவர்க்கு நோயின் போக்கு இன்றும் கடுமையானதே. மாத்திரையை அளவின்றி வழங்கியதால் அதற்கு அஞ்சாத கிருமிகளும் தோன்றிவிட்டன. ஆகவே, சீழை ஆய்ந்தபின் மருந்தைத் தேர்கின்றனர். குருதியில் சர்க்கரையையும் அடக்குகின்றனர். மருந்து ஆறு வாரமேனும் தொடர வேண்டும். எலும்பு ஆறுமுன்னரே வலி நின்றுவிடுவதால், இடையில் மருந்தை விட்டவர் சில வாரங்களில் அதே வலியோடு திரும்பி வருகின்றனர்.