அடுப்படிக்கு வந்த வெளிச்சம்

எங்கட வீடுகளில் பழைய அல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். கலியாணம் இருக்கும், பெருநாள் இருக்கும். அடுப்படியில் நிற்கிற உம்மம்மாவின் படம் இருக்காது. காரணம் கூச்சம் மட்டுமில்லை, வெளிச்சமும்தான். வீட்டுக்குள்ள படம் பிடிக்க வெளிச்சம் காணாது. அந்த வெளிச்சத்தின் வரலாற்றைத் தேடிப்போன நாங்கள், கடைசியில் புல்மோட்டைக் கடற்கரையிலேயே வந்து நின்றோம்.

1887 இல் ஜெர்மனியில் அடொல்ஃப் மீத்தெயும் யோஹானஸ் கேடிக்கெயும் மக்னீசியத் தூளோட பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து பிளாஷ் தூள் செய்தார்கள். பற்றவைத்தால் கண் கூசும். பிறகு அறை முழுக்கப் புகை. நியூயோர்க்கில் ஜேக்கப் ரீஸ் இந்தத் தூளோட ராவில் ஏழைக் குடியேறிகளின் அறைகளுக்குள் போனார். 1890 இல் வந்த அவரது புத்தகம் அந்த வீடுகளைத் திருத்தும் முயற்சிக்கு வலுச் சேர்த்தது. ஆனால் படங்களில் பலர் திடுக்கிட்டுத்தான் நிற்கிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. வெளிச்சம் வெளியாள் கையில் இருந்தது.

1930 அளவில் பிளாஷ் பல்ப் வந்தது. கண்ணாடிக்குள் ஒட்சிசனும் மெல்லிய அலுமினியத் தாளும். ஒரு பல்ப், ஒரு படம், பிறகு குப்பை. பின்னாளில் சின்ன பல்புகளுக்குள் அலுமினியத்துக்குப் பதிலாக சிர்க்கோனியம் இழைகளை வைத்தார்கள். 1965 இல் நாலு பல்புகளை ஒரு சின்னக் கட்டியில் அடக்கிய பிளாஷ் விற்பனைக்கு வந்தது. அப்பதான் பிளாஷ் சாதாரண வீடுகளுக்குள் வந்தது.

சிர்க்கோனியம் எடுப்பது சிர்க்கன் கனிமத்திலிருந்து. அது புல்மோட்டை மணலில் இருக்கிறது. அதே மணலில் இருக்கிற இல்மனைட்டிலிருந்தும் ரூட்டைலிலிருந்தும் டைட்டானியம் டையொக்சைட் எடுக்கலாம். கலர்ப் படம் அச்சடிக்கிற தாளுக்கு வெள்ளை நிறம் கொடுப்பதும் அதுதான். எங்கட மண்தான் அந்த பல்புகளில் எரிந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் 1957 இல் அரச கூட்டுத்தாபனம் அமைந்த காலம் தொட்டு, மணலைப் பிரித்தெடுத்து மூலப்பொருளாகவே பெரும்பாலும் கப்பலேற்றுகிறோம். செய்த பொருளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம்.

1931 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹரோல்ட் எட்ஜர்ட்டன், சேமித்த மின்சாரத்தை வாயுக் குழாய்க்குள் ஒரேயடியாகப் பாய்ச்சி, திரும்பத் திரும்ப மின்னும் பிளாஷை உருவாக்கினார். இன்றைக்கு யொங்நுவோ, கொடொக்ஸ் மாதிரிச் சீன நிறுவனங்களின் மலிவான பிளாஷ்கள் அந்த வழியில் வந்தவைதான்.

வாங்குகிறவர்களுக்கு ரெண்டு விசயம். பழைய பிளாஷ் சிலவற்றில் கமராவைத் தொடுகிற முனையில் 200 வோல்ட்டுக்கு மேலேயும் இருக்கும். டிஜிட்டல் கமரா பழுதாகலாம். அளந்து பார்க்காமல் மாட்டவேண்டாம். மற்றது, பிளாஷை நேரே முகத்துக்கு அடிக்கவேண்டாம். தூரம் ரெண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். அதனால்தான் முகம் வெளிறி, பின்பக்கம் இருண்டு போகுது. வெள்ளைச் சுவருக்குத் திருப்பி அடியுங்கள். ஓட்டுக் கூரையோ தகரமோ என்றால் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினாலே போதும்.

போரும் 2004 சுனாமியும் கிழக்குக் கரையில் எத்தனையோ அல்பங்களைக் கொண்டுபோய்விட்டன. மிச்சமிருக்கிறவர்களை இனி நாங்கள்தான் எடுக்கவேண்டும். ரீஸ் மாதிரி இல்லாமல், முதலில் உம்மம்மாவிடம் கேட்டுவிட்டு. எடுத்த படத்தை போனிலேயே விட்டுவிடாமல் ஒன்றையாவது அச்சடித்து, பின்பக்கம் பெயரையும் வருசத்தையும் எழுதி வையுங்கள்.